காபாபென்டின் எழுதலாம், ப்ரீகாபலின் எழுதக் கூடாது

நரம்பு வலிக்குக் கொடுக்கும் மருந்துகளில் காபாபென்டினும் ப்ரீகாபலினும் அண்ணன் தம்பி. உடம்புக்குள் போய் ஒட்டிக்கொள்ளும் இடமும் ஒன்று, பார்க்கும் வேலையும் ஒன்று. சர்க்கரை வியாதிக்காரர்களுக்குக் கால் எரிச்சல் என்றால் இரண்டில் ஒன்று நிச்சயம் எழுதப்படும். ஊரில் அப்பாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள், இருக்கும். நான் பார்மசிஸ்டாக வேலை பார்க்கும் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஓர் இயற்கை மருத்துவர் இதில் அண்ணனை எழுதலாம். தம்பியை எழுதினால் அந்தச் சீட்டு செல்லாது.

இதற்கு மருத்துவக் காரணம் தேடிப் பயனில்லை. பழக்கமாகிப் போகக் கூடிய கட்டுப்பாட்டு மருந்துகளை அமெரிக்க மத்திய அரசின் போதைமருந்துத் தடுப்பு அமைப்பான டி.இ.ஏ. ஐந்து ஷெட்யூலாகப் பிரித்திருக்கிறது, எண் குறையக் குறையக் கட்டுப்பாடு கூடும். ப்ரீகாபலினை அது ஐந்தாம் ஷெட்யூலில் வைத்திருக்கிறது. காபாபென்டினை எந்த ஷெட்யூலிலும் வைக்கவில்லை. வாஷிங்டன் மாநிலச் சட்டமோ, ஷெட்யூல் மருந்துகளில் இயற்கை மருத்துவர்களுக்கு இரண்டே இரண்டைத்தான் விட்டுவைத்திருக்கிறது: கோடீன், டெஸ்டோஸ்டிரோன். அதிலும் மூன்று, நான்கு, ஐந்தாம் ஷெட்யூலில் வரும் தயாரிப்புகள் மட்டும். மற்றபடி, சீட்டு இருந்தால்தான் தர வேண்டும் என்கிற சாதாரண மருந்துகள் ஏறக்குறைய எல்லாமே அவர்களுக்குத் திறந்து கிடக்கின்றன. வார்ஃபரின் எழுதலாம், அளவு கொஞ்சம் கூடினால் மூளையில் ரத்தம் கசியும். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எழுதலாம். வாரம் ஒருமுறை போட வேண்டியதைத் தினமும் போட்டுவிட்டால் ஆளே போய்விடுவார். இன்சுலின் எழுதலாம். ஊரிலிருந்து வந்த அலுப்பில் ராத்திரி தூக்கம் வரவில்லை என்று வருபவருக்கு ஜோல்பிடெம் பத்து மாத்திரை மட்டும் எழுதக் கூடாது.

பார்மசி கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவள் என்பதால் எனக்கு இது வெறும் வேடிக்கை இல்லை. செல்லாத சீட்டுக்கு மருந்து கொடுத்தால் கேள்வி என்னிடம்தான் வரும். கட்டுப்பாட்டு மருந்து என்றால், எழுதுகிறவருக்கு இருக்கும் பொறுப்போடு சேர்ந்த பொறுப்பு கொடுக்கிறவருக்கும் உண்டு என்று மத்திய விதியே சொல்கிறது. மதுரையில் பி.ஃபார்ம் முடித்து இங்கே வந்து, வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான தேர்வு, ஆங்கிலத் தேர்வு, லைசென்ஸ் தேர்வு என்று எழுதித் தள்ளிய காலத்தில் என்னை அதிகம் படுத்தியது மருந்தியல் இல்லை, சட்டத் தேர்வு. அது மாநிலத்துக்கு மாநிலம் தனி. கால்நடை மருத்துவர் எதை எழுதலாம், கண் பரிசோதகர் எதை எழுதலாம், பல் டாக்டர் பல்லைத் தாண்டி எதையாவது எழுதலாமா என்றெல்லாம் வரும். இயற்கை மருத்துவர்கள் பற்றிய பகுதியை முதலில் வாசித்தபோது பாடப் புத்தகத்தில் அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

ஊரில் படித்தவளுக்கு வேறெப்படித் தோன்றும்? நம் ஊரில் இயற்கை மருத்துவம் என்றால் மண் பட்டி, வாழையிலைக் குளியல், உபவாசம், யோகா. அரும்பாக்கம் அரசுக் கல்லூரியில் பி.என்.ஒய்.எஸ். படித்து வருகிறவர்கள் மருந்தே இல்லாமல் குணப்படுத்துவதைத்தான் தங்கள் துறையின் பெருமையாகச் சொல்வார்கள். இங்கே ‘நேச்சுரோபதிக் ஃபிசிஷியன்’ என்று பலகை மாட்டியவர் அமாக்சிசிலின் எழுதி அனுப்புகிறார்.

இத்தனைக்கும் இரண்டுக்கும் வேர் ஒன்று. ஜெர்மனியில் செபாஸ்டியன் நைப் என்ற பாதிரியார் குளிர்ந்த நீரை வைத்துச் சிகிச்சை செய்தார். அவரிடம் காசநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு தேறிய பெனடிக்ட் லஸ்ட், 1896-இல் நியூயார்க்குக்குத் திரும்பி அந்த முறையைப் பரப்பினார். அமெரிக்க நேச்சுரோபதிக்குத் தந்தை என்று அவரைத்தான் சொல்கிறார்கள். அதே ஜெர்மன் மரபில் வந்த லூயி கூனே, அடால்ஃப் ஜுஸ்ட் இருவரின் எழுத்தையும் தென்னாப்பிரிக்காவில் இருந்த காந்தி படித்து, வயிற்றில் மண் பட்டி போட ஆரம்பித்தார். உருளிகாஞ்சன் ஆசிரமம் வரை அந்தக் கதை நீள்கிறது. லஸ்டும் மாத்திரை மருந்து என்றால் காத தூரம் ஓடுகிற ஆள். லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் பார்த்தார் என்று போலீஸ் பலமுறை பிடித்துப் போனபோதும் மாறவில்லை. வாஷிங்டன் மாநிலம் 1919-இல் இவர்களுக்காக இயற்றிய சட்டத்தின் பெயரே மருந்தில்லா வைத்தியர் சட்டம்தான். அதே மாநிலம் 1987-இல் இவர்களுக்குத் தனிச் சட்டம் எழுதியது. 2005-இல் அதைத் திருத்தி, கோடீன் வரை கொண்டுவந்து நிறுத்தியது.

சரி, யார் எதை எழுதலாம் என்பதை ஏன் மாநிலம் தீர்மானிக்கிறது? எந்த மருந்துக்குச் சீட்டு வேண்டும் என்று முடிவு செய்வது மத்திய அரசு. 1951-இல் வந்த டர்ஹாம்-ஹம்ஃப்ரி திருத்தம் அந்தக் கோட்டைப் போட்டது. கார்ல் டர்ஹாம், பின்னாளில் துணை ஜனாதிபதியான ஹியூபர்ட் ஹம்ஃப்ரி இருவருமே பார்மசிஸ்டுகள். எங்கள் தொழிலில் இதைச் சொல்லிப் பெருமைப்படாத ஆள் கிடையாது. ஆனால் சீட்டை எழுதுகிறவர் யார் என்ற இடத்தில் அந்தச் சட்டம் ஒரே வார்த்தையில் நகர்ந்துவிடும்: சட்டப்படி லைசென்ஸ் பெற்றவர். லைசென்ஸ் தருவது மாநிலம். கட்டுப்பாட்டு மருந்து எழுதத் தேவையான டி.இ.ஏ. எண்ணும் அப்படியே. மாநிலம் எந்த அளவுக்கு அனுமதிக்கிறதோ அந்த அளவுக்குத்தான் டி.இ.ஏ. பதிவு செய்யும். ஆக ஐம்பது மாநிலங்களில் ஐம்பது கதை.

எங்கள் ஊரில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நான் இருப்பது வான்கூவர். கனடாவில் இருப்பது இல்லை, வாஷிங்டனின் தெற்கு ஓரத்தில் கொலம்பியா ஆற்றங்கரையில் இருப்பது. பாலத்தைத் தாண்டினால் ஓரிகனின் போர்ட்லண்ட். இந்தப் பக்கம் வருமான வரி கிடையாது, அந்தப் பக்கம் விற்பனை வரி கிடையாது. அதனால் இங்கே குடியிருந்து அங்கே போய் சாமான் வாங்குகிற ஜனம் அதிகம், நம்மவர்களும் சேர்த்துத்தான். நாட்டில் இன்றைய நேச்சுரோபதி படிப்புக்கு அடித்தளம் போட்ட கல்லூரி 1956-இல் அந்தக் கரையில்தான் தொடங்கியது. ஓரிகன் 1927-லேயே இயற்கை மருத்துவர்களுக்கு லைசென்ஸ் கொடுக்க ஆரம்பித்த மாநிலம். அங்கே ஒரு என்.டி. (இவர்களை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) இரண்டாம் ஷெட்யூல் வரை எழுதலாம். ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைவுக் கோளாறுக்குக் கொடுக்கும் அடரால், வலிக்குக் கொடுக்கும் ஆக்ஸிகோடோன் எல்லாம் அதில் அடக்கம். முன்பு எந்தெந்த மருந்து என்று ஒரு குழு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தது. இப்போது அதைத் தலைகீழாக்கிவிட்டார்கள்: எழுதக் கூடாதவை மட்டும் பட்டியலில். பொது மயக்க மருந்துகள், பார்பிச்சுரேட் வகைத் தூக்க மருந்துகளில் பெரும்பாலானவை, புற்றுநோய் மருந்துகளில் பெரும்பாலானவை. ஒருவரே இரண்டு மாநில லைசென்ஸும் வைத்துக்கொண்டு, காலையில் போர்ட்லண்ட் கிளினிக்கிலும் மாலையில் வான்கூவர் கிளினிக்கிலும் உட்காரலாம். அப்படி உட்கார்ந்தால் மத்தியானம் பாலத்தைக் கடக்கும்போது அவருடைய மருந்தியல் அறிவு பாதியாகக் குறைந்துவிடுகிறது என்று அர்த்தம்.

இதைவிட விசித்திரம் 2014-இல் நடந்தது. ட்ரமடால் என்ற வலி மருந்து அதுவரை மத்திய ஷெட்யூல் எதிலும் இல்லை. அதனால் வாஷிங்டன் என்.டி.க்கள் எழுதலாம். அந்த ஆகஸ்ட் மாதம் டி.இ.ஏ. அதை நான்காம் ஷெட்யூலில் போட்டது. மாநிலத் தலைநகர் ஒலிம்பியாவில் சட்டமன்றம் எதுவும் செய்யவில்லை, என்.டி.க்களின் படிப்பு மாறவில்லை, மருந்தும் மாறவில்லை. மறுநாள் முதல் அவர்கள் எழுத முடியாது. எழுத முடிந்ததோ கோடீன். ட்ரமடாலைவிடக் கோடீன் ஒன்றும் சாது இல்லை. ஒருவர் உடம்பில் வேலையே செய்யாது, இன்னொருவர் உடம்பில் ஒரேயடியாக மார்ஃபினாக மாறி மூச்சை அமுக்கும். பட்டியல் அதையா பார்க்கிறது?

அதே வருடம் அக்டோபரில் ஹைட்ரோகோடோன் என்ற வலி மருந்துக் கலவை மாத்திரைகள் மூன்றாம் ஷெட்யூலிலிருந்து இரண்டாவதற்குப் போயின. அரிசோனாவில் என்.டி.க்களுக்கு இரண்டாம் ஷெட்யூல் கிடையாது, மார்ஃபின் மட்டும் விதிவிலக்கு. ஆகவே அங்கேயும் கதவு அடைபட வேண்டியது. அடைபடவில்லை. 2014 ஜனவரி 1-க்குப் பிறகு மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றப்பட்ட மருந்து எதுவானாலும் சரி என்று சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. மருந்தின் பெயரைச் சொல்லாமல் தேதியைச் சொல்லித் தப்பித்த அந்த வரியை நான் சட்டப் புத்தகத்தில் ரசித்து வாசித்தேன். அங்கே மனநோய் மருந்துகளும் புற்றுநோய்க் கீமோவும் கூடாது. சிரை வழியே மருந்து ஏற்றுவதற்கும் தடை உண்டு, விட்டமின்களுக்கும், உடம்பிலிருந்து உலோகங்களை வெளியேற்றும் கீலேஷன் சிகிச்சைக்கும் விலக்கு. இந்த விலக்குகளை வரிசையாகப் படித்தாலே எந்தெந்தக் கிளினிக்கில் எது நன்றாக ஓடுகிறது என்று யூகித்துவிடலாம்.

கலிஃபோர்னியா 2003-இல் சட்டம் போட்டது. அங்கே என்.டி. தன் பொறுப்பில் எழுதக் கூடியவை முக்கியமாக இரண்டு: ஒவ்வாமை அதிர்ச்சிக்கு எபிநெஃப்ரின், அப்புறம் ஹார்மோன்கள். மற்ற சீட்டு மருந்துகளுக்கு ஓர் எம்.டி.யின் (இங்கே வழக்கமான அலோபதி டாக்டருக்கு அதுதான் பட்டம்) மேற்பார்வை வேண்டும், ஓர் எம்.டி. ஒரே சமயத்தில் நான்கு என்.டி.க்களுக்கு மேல் மேற்பார்க்கக் கூடாது. மற்ற மாநிலங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கனெக்டிகட்டும் மாசசூசெட்ஸும் லைசென்ஸ் தரும், மருந்து எழுத விடாது. மின்னசோட்டாவில் பதிவு உண்டு, சீட்டு கிடையாது. தென் கரோலினாவிலும் டென்னசியிலும் இந்தத் தொழிலே குற்றம். ஃப்ளோரிடா 1959-இல் புதிய லைசென்ஸ் தருவதை நிறுத்தியது. வெர்மான்ட் 2012-இல் மருந்தியல் தேர்வு ஒன்றை வைத்து, அதில் தேறியவர்களுக்கு மட்டும் எழுதும் உரிமை என்றது. இருப்பதில் எனக்குக் கொஞ்சம் உருப்படியாகப் படுவது அதுதான்.

கலிஃபோர்னியா ஹார்மோனைத் தாராளமாக விட்டதற்கு வருகிறேன். ஹார்மோன் என்றால் உடம்பிலேயே சுரப்பது, ஆகவே இயற்கை, ஆகவே ஆபத்து குறைவு என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். இந்த ‘இயற்கை’ கவுண்டரில் எப்படி வந்து நிற்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் ஓர் இளம்பெண், தஞ்சாவூர்ப் பக்கம். தைராய்டு குறைவு. ஒரு என்.டி.யிடம் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் மாத்திரை வாங்க வந்தவள் கவுண்டரில் சாய்ந்துகொண்டு, “அக்கா, இது நேச்சுரல் தைராய்டுன்னு டாக்டர் சொன்னாங்க. எந்த மூலிகைக்கா?” என்றாள்.

“மூலிகை இல்லம்மா. பன்னி.”

“என்னது?”

“பன்னியோட தைராய்டு சுரப்பி. காயவெச்சுப் பொடி பண்ணி மாத்திரையாக்குறாங்க.”

அவள் முகம் போன போக்கு! முட்டைகூடச் சேர்க்காத வீடு. “தெனம் குளிச்சு, சாமி கும்பிட்டு, வெறும் வயித்துல இதத்தானக்கா மொதல்ல போடுறேன்” என்றாள். சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. டாக்டருக்குப் போன் போட்டேன். அவருக்குச் சைவம் என்றால் முட்டையும் இல்லை என்பது வரைக்கும் தெரியும், மாத்திரையில் அதை யோசிக்கவில்லை. மறுபேச்சில்லாமல் செயற்கையாகத் தயாரிக்கும் லெவோதைராக்ஸினுக்கு மாற்றி அனுப்பினார்.

பன்றி என்பது என் முதல் ஆட்சேபம் இல்லை. அந்த மாத்திரையில், ஒரு கிரெய்ன் என்று சொல்லும் 60 மில்லிகிராமுக்கு, தைராய்டு ஹார்மோன்களான டி4 சுமார் 38 மைக்ரோகிராமும் டி3 9 மைக்ரோகிராமும் இருக்கும். மனிதத் தைராய்டு டி3-ஐ அவ்வளவு தாராளமாக விடாது. வயதானவருக்கு இது கூடிப்போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். போதாததற்கு, மத்திய அரசின் மருந்து ஆணையமான எஃப்.டி.ஏ.யின் முறையான அனுமதி இல்லாமலேயே காலங்காலமாக விற்பனையில் இருக்கிற சரக்கு. இதை என்.டி. தன் பொறுப்பில் எழுதலாம், தொண்டைப் புண்ணுக்கு அமாக்சிசிலின் எழுத எம்.டி.யின் மேற்பார்வை வேண்டும் என்று ஒரு மாநிலம் சொன்னால், எதை வைத்து ஆபத்தை அளந்தார்கள் என்று கேட்கத் தோன்றாதா?

இனி எதிர்ப்பக்கம். என்.டி. சங்கங்கள் சட்டமன்றங்களில் வைக்கும் வாதங்களில் ஒன்றை என்னால் தள்ள முடிவதில்லை. எழுதும் உரிமை என்பது நிறுத்தும் உரிமையும்தான் என்கிறார்கள். அறுபது வயது தாண்டிய ஒருவர் என்னிடம் வந்தார். பல வருடமாகப் பதற்றத்துக்குக் கொடுக்கும் அல்பிரஜோலம் போடுகிறார். எழுதிக்கொண்டிருந்த டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது அவருடைய முதன்மை மருத்துவர் ஒரு என்.டி.; இன்சூரன்ஸ் கார்டிலேயே அவர் பெயர்தான். அந்த என்.டி. அம்மாளுக்கு இந்த மருந்தை மெதுவாகக் குறைத்து நிறுத்த வேண்டும் என்று தெரியும், எப்படிக் குறைப்பது என்றும் தெரியும். ஆனால் குறைப்பதற்கு ஒரு சின்ன டோஸ் எழுத வேண்டும், நான்காம் ஷெட்யூல், எழுத முடியாது. வேறு டாக்டரிடம் நேரம் வாங்கினால் வாரக்கணக்கில் ஆகும். அல்பிரஜோலத்தை நீண்ட காலம் போட்டவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். அவருடைய டப்பாவில் ஒரு வாரத்துக்குக்கூட மாத்திரை இல்லை. கடைசியில் அந்த என்.டி. தனக்குத் தெரிந்த ஒரு நர்ஸ் பிராக்டிஷனரிடம் (மேற்படிப்பு முடித்து, மருந்து எழுதும் உரிமை பெற்ற நர்ஸ்) பேசி, அன்று மாலையே ஆளை அங்கே அனுப்பினார். அவரைத் தெரிந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

முதன்மை மருத்துவர் என்று சொன்னேனே, அது வாஷிங்டனின் தனிச் சிறப்பு. லைசென்ஸ் பெற்ற எந்த வகை மருத்துவரையும் இன்சூரன்ஸ் கம்பெனி ஒட்டுமொத்தமாக ஒதுக்கக் கூடாது என்று 1996 முதல் இங்கே ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. கம்பெனிகள் வழக்குப் போட்டு, ஒன்பதாம் சர்க்யூட் என்ற மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 1998-இல் தோற்றார்கள். அதனால் சியாட்டில் பக்கம் பெல்வியூ, பாத்தெல் வட்டாரத்தில் இருக்கிற நம் ஐ.டி. குடும்பங்களுக்கு என்.டி.யிடம் போவது ரொம்ப சாதாரணம். நேச்சுரோபதி கற்பிக்கும் பாஸ்டியர் பல்கலைக்கழகம் பக்கத்து ஊரான கென்மோரில். எம்.டி. பத்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறார், இவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்பார்கள். வாஸ்தவம்தான், அந்த ஒரு மணி நேரத்தை யாரும் அலட்சியம் செய்ய வேண்டாம். ஒருபக்கம் மாநிலம் இவர்களைக் குடும்ப டாக்டர் என்று உட்கார வைக்கிறது, இன்னொரு பக்கம் குடும்ப டாக்டருக்கு வேண்டிய சாமானில் பாதியை எடுத்து ஒளித்துவைக்கிறது. இதில் உச்சம், 2010 முதல் மருத்துவக் கஞ்சாவுக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட இவர்களுக்கு அனுமதி உண்டு. அந்த அனுமதி வந்தபோது மத்திய சட்டம் முதல் ஷெட்யூலில் வைத்திருந்த சரக்குக்குக் கையெழுத்து, ஐந்தாம் ஷெட்யூல் ப்ரீகாபலினுக்குத் தடை.

இவ்வளவு சொன்னதால் பட்டியலை விரிக்கச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குப் பட்டியல் மேலேயே நம்பிக்கை இல்லை. பட்டியல் நீளமா குட்டையா என்று இரண்டு சங்கங்கள் தலைநகரில் பேரம் பேசுகின்றன. யாருக்கு எந்தக் கூட்டத்தொடரில் பலம் இருந்ததோ அதன் கணக்குத்தான் சட்டமாக அச்சாகிறது. என் கேள்வி வேறு: எழுதுகிறவர் எத்தனை நோயாளிகளை, யாருடைய கண்காணிப்பில் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறார்?

என்.டி. படிப்பு நான்கு வருடம். உடற்கூறியல், உடலியங்கியல், நோயியல், மருந்தியல் எல்லாம் உண்டு, தேசிய அளவில் தேர்வும் உண்டு. அதே தேர்வில் ஹோமியோபதியும் வரும். ஒரு மூலக்கூறுகூட மிச்சமில்லாத கரைசலையும் வார்ஃபரினையும் ஒரே மேசையில் வைத்துப் படிப்பிப்பது எனக்குச் செரிக்காத விஷயம். நோயாளியோடு பழகும் கிளினிக் நேரம் குறைந்தது 1,200 மணி. அப்புறம் பெரும்பாலான மாநிலங்களில் நேரே பலகை மாட்டலாம். குடும்ப மருத்துவத்துக்குப் போகும் எம்.டி. கல்லூரி முடித்த பிறகு மூன்று வருடம், வாரத்துக்கு 80 மணி நேரம் வரை, ஆஸ்பத்திரியில் மூத்தவர்களின் மேற்பார்வையில் ரெசிடென்சி என்ற பயிற்சி செய்கிறார். ராத்திரி இரண்டு மணிக்குப் பொட்டாசியம் எகிறிப்போன நோயாளியைப் பார்த்தவருக்கும், பாடத்தில் படித்தவருக்கும் கை நடுக்கம் வேறு மாதிரி இருக்கும். என்.டி.க்கு ரெசிடென்சி கட்டாயம் என்று சொல்லும் மாநிலம் யூட்டா. அதுவும் ஒரு வருடம்தான். மற்ற இடங்களில் விருப்பம் இருந்தால், இடம் கிடைத்தால். இடங்களும் சொற்பம்.

உடனே எதிர்க்கேள்வி வரும்: நர்ஸ் பிராக்டிஷனருக்கு 500 மணி நேரம் போதும் என்று வெகுகாலம் இருந்ததே, இப்போதுதானே 750 ஆக்கினார்கள், அவர்கள் வாஷிங்டனில் இரண்டாம் ஷெட்யூல்கூட எழுதுகிறார்களே? நியாயமான கேள்வி. நர்ஸ்களில் பலர் அதற்கு முன்னால் வருடக்கணக்கில் வார்டில் நின்றவர்கள் என்று பதில் சொல்லலாம். ஆனால் எல்லோரும் இல்லை. இப்போது நேரடியாகச் சேர்ந்து படித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு, அவர்கள் அனுப்பும் சீட்டிலும் நான் தலையில் கை வைக்கிற நாள் இருக்கிறது.

மருந்துப் பட்டியல் எதையும் தடுப்பதில்லை என்பதற்கு 2017 நல்ல சாட்சி. கலிஃபோர்னியாவில், தோல் அரிப்புக்காக ஒரு இளம்பெண்ணுக்கு என்.டி. ஒருவர் மஞ்சளில் இருக்கும் குர்குமினைச் சிரை வழியே ஏற்றினார். இதயத் துடிப்பு நின்று அந்தப் பெண் இறந்துபோனார். எஃப்.டி.ஏ. சோதித்ததில், அந்தக் கலவையில் சேர்த்திருந்த ஆமணக்கெண்ணெய்க் கூட்டுப்பொருளில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு கலந்திருந்தது தெரிந்தது. மஞ்சள் எந்த ஷெட்யூலிலும் இல்லை. நம் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. சமையலறையில் இருப்பதை ரத்தக் குழாய்க்குள் விடுவதற்கு எந்த ஆதாரம் இருக்கிறது என்று நின்று யோசிக்கப் பழக்குவதுதான் ரெசிடென்சி. ஜோல்பிடெம் கூடாது என்ற தடை அந்தப் பெண்ணுக்கு எந்த விதத்தில் உதவியது?

பாஸ்டியரில் படித்து, அரிசோனாவில் தொழில் செய்து, பிறகு வெளியே வந்து இந்தத் துறையைக் கடுமையாக விமர்சிப்பவர் பிரிட் ஹெர்ம்ஸ். தான் வேலை பார்த்த இடத்தில் அனுமதி பெறாத ஒரு புற்றுநோய் மருந்து நோயாளிகளுக்குக் கொடுக்கப்படுவதை அறிந்துதான் அவர் விலகினார். அவர் மேல் ஜெர்மனியில் அவதூறு வழக்குப் போட்டார்கள். 2019-இல் அவர் ஜெயித்தார். அவர் எழுதுவது எல்லாவற்றிலும் எனக்கு உடன்பாடு இல்லை. கவுண்டரிலிருந்து நான் பார்க்கும் என்.டி.க்களில் பலர் கவனமானவர்கள். கூப்பிட்டால் போனை எடுப்பார்கள், எம்.டி. அலுவலகங்களில் கிடைக்காத மரியாதை அது. ஆனால் கல்லூரியில் யாரும் தங்களைத் தடுத்து நிறுத்திக் கேள்வி கேட்கவில்லை என்று உள்ளிருந்து வந்த ஒருவர் சொல்லும்போது, நாங்கள் வெளியில் நின்று ஊகிப்பதைத்தான் சொல்கிறார் என்று படுகிறது.

என்னைக் கேட்டால் பேரத்தை இப்படி மாற்றுவேன். ரெசிடென்சி இரண்டு வருடமாவது கட்டாயம், அதில் பாதி எம்.டி.க்களோடு ஆஸ்பத்திரியில். வெர்மான்ட் மாதிரி தனி மருந்தியல் தேர்வு. தொடக்கத்தில் எழுதும் சீட்டுகளை மூத்தவர் ஒருவர் எடுத்துப் பார்க்க வேண்டும். இதில் தேறியவருக்கு ஓரிகன் மாதிரி விட்டுவிடுங்கள், ப்ரீகாபலினும் எழுதட்டும், ட்ரமடாலும் எழுதட்டும். தேறாதவர் வார்ஃபரினையும் தொடக் கூடாது. இதை என்.டி. சங்கமும் விரும்பாது, மருத்துவர் சங்கமும் விரும்பாது. ரெசிடென்சிக்குப் பணம் யார் தருவது என்ற கேள்வியிலேயே பேச்சு நின்றுவிடும் என்பதும் தெரியும், எம்.டி. ரெசிடென்சிக்குப் பெரும்பகுதி, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் பணம், அந்த மெடிகேர் என்.டி.க்களை மருத்துவராகவே ஏற்பதில்லை.

இங்கே புதிதாக வரும் நம்மவர்கள் என்.டி.யிடம் போகலாமா என்று என்னிடம் கேட்பது வழக்கம். போங்கள், போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள் என்பேன். ரெசிடென்சி செய்தீர்களா, எங்கே? உங்களால் எழுத முடியாத மருந்து எனக்கு வேண்டியிருந்தால் எந்த டாக்டரிடம் அனுப்புவீர்கள், அவர் பெயர் என்ன? இப்போது நான் போடும் மாத்திரைகளில் எதையாவது நீங்கள் நிறுத்தச் சொன்னால், எழுதிய டாக்டரிடம் பேசிவிட்டுச் சொல்வீர்களா? அரசாங்கத்தின் எந்தப் பட்டியலிலும் இந்த மூன்றும் இல்லை. சக்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போடுகிற அப்பா அம்மா ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கியிருந்தால், அவர்களை அழைத்துப் போகும் முன் எனக்கு ஒரு போன் போடுங்கள். மாத்திரை டப்பாவோடு வந்தால் இன்னும் நல்லது.